போர்வைக்கு வந்த நல்ல புடவைகள்

பாஞ்சாலி அக்கா தன் புருஷன் தொடையில் கோணி ஊசியைச் செருகிய அன்று, சல்லடை இரவல் கேட்க நான் அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அவள் புருஷன் பெயர் கோதண்டம். குடித்துவிட்டு வந்து அவளை அடிப்பது எங்கள் தெருவுக்குப் பழகிப்போன சத்தம். ஒருமுறை அவள் இடது கைச் சுண்டுவிரலை அம்மிக் குழவியால் நசுக்கினான். அந்த விரல் கோணலாகவே நின்றுவிட்டது. அதையெல்லாம் வாங்கிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு அவன் ஒரு பூனைக்குட்டியைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்ததும், கையிலிருந்த ஊசியை அப்படியே இறக்கிவிட்டாள். பாதி ஊசி உள்ளே போய்விட்டது. கோதண்டம் அலறிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினான். அப்புறம் எங்கள் பென்னலூர்ப் பக்கம் வரவே இல்லை. படப்பையில் வேறொருத்தியோடு இருப்பதாகக் கேள்விப்பட்டோம்.

அவன் போன பிறகு அக்கா ஊசியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். குட்டியைக் கொல்லையில் புதைத்தாள். பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைத்தாள். சல்லடையை நான் கேட்கவே இல்லை.

அவளுக்குப் பிழைப்பு போர்வை தைப்பது. வீடுகளில் கட்டி நைந்த புடவைகளைக் கொடுப்பார்கள். அவற்றைச் சவுக்காரத்தில் வேகவைத்துத் துவைத்து, கல்லில் காயவைத்து, ஐந்து புடவைகளை ஒன்றின்மேல் ஒன்று விரித்து ஓட்டுத் தையல் போடுவாள். நெருக்கமான தையல். ஒரு போர்வைக்குப் பத்து நாள் ஆகும். சரியாக நைந்த புடவையைத்தான் எடுப்பாள். கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும், இன்னும் ஒரு வருஷம் கட்டிவிட்டுக் கொடு என்று திருப்பி அனுப்புவாள். துணியைத் தொட்டே அந்த வீட்டு நடப்பைச் சொல்லிவிடுவாள். எந்தப் புடவை முள்ளில் கிழிந்தது, எது ஆள் பிடித்து இழுத்துக் கிழிந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்ல மாட்டாள்.

நான் சொல்லப்போகிற வருஷம் அவளிடம் நாலு பூனைகள் இருந்தன. பெரிய கடுவனுக்குத் தாசில்தார் என்று பெயர். மீன் தலை கைக்கு வராமல் எந்த வேலையும் நடக்க விடாது என்பதால் அந்தப் பெயர். எலும்பும் தோலுமாக இருந்த பெட்டைக்குக் கருவாடு என்று பெயர். மற்ற இரண்டும் கருவாட்டின் குட்டிகள். ஒருநாள் தெரு நாய்களோடு சண்டை போட்டுத் தாசில்தார் காது தொங்கிக்கொண்டு வந்தது. அக்கா அதன் தலையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, காதைப் போர்வை நூலாலேயே தைத்துவிட்டாள். அது அவள் இரண்டு கைகளையும் முழங்கை வரை பிறாண்டிவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்டத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

துவைத்துக் காய்ந்த துணியைக் குவித்தால் நாலும் வந்து அதன்மேல் படுத்துக்கொள்ளும். அக்கா அவற்றைத் தள்ளித் தள்ளித்தான் தைப்பாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மே மாதம் எங்கள் பக்கத்தில் குண்டு வெடித்துப் பெரிய தலைவர் செத்துப்போனது உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு பல மாதங்கள் ரோட்டில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். மூட்டையோடு நடக்கிறவர்களை விடவே மாட்டார்கள். ஒருநாள் ஒரு போலீஸ்காரர் அக்கா தைத்து எடுத்துப் போன போர்வையைக் கத்தியால் நீளமாகக் கிழித்து உள்ளே தேடினார். அவள் கேள்வி கேட்டதற்கு முதுகில் லத்தியால் ஒன்று வைத்தார். வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. கிழிந்ததைத் திரும்பத் தைத்தாள்.

ஆடி மாதம் பிறந்ததும் கிளியம்மாள் முதல் மூட்டையைக் கொண்டுவந்தாள்.

கிளியம்மாள் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் நரசிம்மன், தனியாக இருந்தான். இளையவன் நடேசன், ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். நடேசனுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்ணுக்கு ஊர் மணிமங்கலம், பெயர் இசைவாணி. இருபது வயது. அவளுடைய அப்பா சின்னப்பையன் தாயில்லாமல் வளர்த்த ஒரே பெண் அவள். அவருக்கு மணிமங்கலத்தில் ஒரு மனைக்கட்டு இருந்தது. அதைத் தங்கள் பேருக்கு எழுதித் தரச் சொல்லிக் கிளியம்மாள் வீட்டில் தினமும் சண்டை. முதல் ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போகச் சின்னப்பையன் தட்டு வரிசையோடு வந்தார். வாசலிலேயே நிறுத்தித் தட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அழுகை சில நாள் என் வீடு வரைக்கும் கேட்கும். நான் முழங்காலில் நின்று அவளுக்காக ஜெபம் பண்ணுவேன். எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்று கர்த்தர் பிற்பாடுதான் எனக்கு உணர்த்தினார்.

முதல் மூட்டையில் நாலு பழைய புடவைகளும் ஒரு பச்சைக் கைத்தறிப் புடவையும் இருந்தன. துவைத்துக் காயவைத்துக் குவித்தபோது பூனைகள் வந்தன. பச்சைப் புடவையை முகர்ந்தன. தாசில்தார் தும்மிவிட்டுப் போய்விட்டது. மற்றவையும் கிட்டவே போகவில்லை. அக்கா எடுத்து முகர்ந்து பார்த்தாள். துவைத்த பிறகும் மண்ணெண்ணெய் வாடை.

எங்கள் பக்கத்து வீடுகளில் கட்டிலில் மூட்டைப்பூச்சி வந்தால் மண்ணெண்ணெய் தடவுவார்கள். விவரம் தெரியாதவர்கள் படுக்கைத் துணியிலேயே ஊற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட துணி மாதத்துக்கு ஒன்றாவது அக்காவிடம் வரும். இதையும் அவள் அப்படித்தான் நினைத்தாள். போர்வை எப்போது ஆகும் என்று கேட்க வந்த கிளியம்மாளை உட்காரவைத்து, இன்னா கிளிக்கா, மூட்டைப்பூச்சிக்கு இந்தப் புடவையில் ஊற்றினீர்களா என்று அவளாகவே கேட்டாள்.

கிளியம்மாள் பச்சைப் புடவையை வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஆமாண்டி, கட்டில் முழுக்க மூட்டைப்பூச்சி" என்றாள்.

அக்காவுக்குத் துணி விஷயம் என்றால் பேச்சு நிற்காது. "கட்டில் சந்துல கோழி இறகால தடவணும்க்கா, துணில ஊத்தக்கூடாது. ஏதோ கைத்தறியா இருக்கங்காட்டி சரியாப் பூட்ச்சி. இதுல நெருப்பு பட்டாக்கூட அவுத்து ஒதறிக்கினு ஓடிடலாம். நைலக்ஸ் புடவைன்னு வெச்சிக்கோ, உருகித் தோலோட ஒட்டிக்கும். உரிச்சிகூட எடுக்க முடியாது."

கிளியம்மாள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஒட்டிக்குமா என்று இன்னொரு தடவையும் கேட்டாள். நானும் அங்கேதான் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து நடேசன் சைக்கிளில் இரண்டாவது மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். அம்மா இன்னொரு போர்வை தைக்கச் சொன்னதாகச் சொன்னான். முதல் போர்வை அன்று காலையில்தான் முடிந்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. பச்சைப் புடவையை மட்டும் வாடைக்காக ஒதுக்கிவிட்டு, தன்னிடம் கிடந்த வேறொரு பழம்புடவையைச் சேர்த்து அக்கா தைத்திருந்தாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் போனபோது அவள் இரண்டாவது மூட்டையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏழு புடவைகள். எல்லாம் பருத்தி. ஒன்றுகூட நைந்ததில்லை. இரண்டில் கஞ்சி மொடமொடப்பு போகவில்லை. ஒன்று சின்னப்பையன் ஆடித் தட்டில் வைத்து வந்த புதுப்புடவை, மடிப்பே கலையாதது. நாலு பூனைகளும் அவற்றின்மேல் சுகமாகப் படுத்திருந்தன.

இத்தனை நல்ல புடவையைப் போர்வைக்கு யாராவது கொடுப்பார்களா என்று நான் கேட்டேன். அவள் ஒரு புடவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"எஸ்தரு, அந்தப் பொண்ணு இப்போ இன்னா புடவ கட்டிக்கினு கீது?"

காலையில் குழாயடியில் பார்த்தேன், ரோஸ் நைலக்ஸ் என்றேன். நேற்று என்று கேட்டாள். நேற்று நீலம், அதுவும் நைலக்ஸ்தான் என்றேன்.

அக்கா எழுந்து போய் ஒதுக்கிவைத்த பச்சைப் புடவையை எடுத்து வந்து விரித்தாள். முந்தானையிலும் மார்புப் பக்கத்திலும் முகர்ந்தாள். கீழ்க்கரையை முகர்ந்தாள். என்னிடமும் கொடுத்தாள். மேலே மட்டும்தான் வாடை இருந்தது, தோளிலிருந்து ஊற்றியது போல.

"மூட்டைப்பூச்சிக்கு யாருன்னா முந்தானைல ஊத்துவாங்களாடி?" என்றாள். "அன்னிக்கே அவ மேல ஊத்திகீறாங்க. இது கைத்தறி, அவுத்துப் போட்டுட்டு ஓடிகீது. நான் குந்த வெச்சி பாடம் சொல்லிக் குடுத்துட்டேன்."

மடித்து வைத்திருந்த போர்வையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். கதவைத் திறக்கவைக்க ஒரு காரணம் வேண்டும், போர்வை கொடுக்க வந்தோம் என்று சொல்லலாம் என்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் பின்னால் ஓடினேன். என் வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை, இயேசப்பா இயேசப்பா என்று மட்டும் வந்தது.

ஷிப்டுக்குப் போக வேண்டிய நடேசனின் சைக்கிள் வாசலில் நின்றது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ரேடியோ பெரிதாகப் பாடிக்கொண்டிருந்தது. அக்கா கதவைத் தட்டி, போர்வை கொண்டுவந்திருக்கிறேன் என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. அப்போது அந்தப் பெண்ணின் அலறல் கேட்டது. வீட்டைச் சுற்றி ஓடி, கொல்லைப்புறத்துத் தென்னந்தட்டியை உதைத்துத் தள்ளி உள்ளே போனோம்.

சமையல்கட்டில் நடேசன் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பின்னால் சேர்த்துப் பிடித்திருந்தான். அவள் தோளிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டியது. கிளியம்மாள் கையில் தீப்பெட்டி. நாங்கள் நுழைந்த நேரம் அவள் குச்சியைப் போட்டுவிட்டாள். நடேசன் கையை விட்டுவிட்டுச் சுவரோரம் குதித்தான். அந்தப் பெண் ஒரு சுற்றுச் சுற்றினாள். ரோஸ் புடவை கறுத்துச் சுருங்கி முதுகில் இறங்குவதைப் பார்த்தேன்.

அக்கா போர்வையை விரித்து அவள்மேல் போட்டு, அவளோடு சேர்ந்து தரையில் விழுந்தாள். போர்வையின் மேலேயே படுத்து இரண்டு கைகளாலும் அமுக்கினாள். உருகிய துணி அவள் உள்ளங்கையில் ஒட்டிப் புகைந்தது. நடேசன் அடுப்பிலிருந்து ஒரு விறகுக் கட்டையை உருவினான்.

"வுடுடி அவள" என்று சொல்லி அக்காவின் முதுகில் ஓங்கிப் போட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது அடியில் ஏதோ முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் கையை எடுக்கவில்லை. மூன்றாவது அடிக்கு அவன் கட்டையைத் தூக்கியபோது நான் பக்கத்தில் இருந்த பித்தளைக் குடத்தைத் தண்ணீரோடு தூக்கி அவன் தலையில் போட்டேன். அவன் சுருண்டு விழுந்தான். மிச்சத் தண்ணீரைப் போர்வைமேல் கவிழ்த்தேன். ஒரு மனிதனை நான் அடித்தது அதுதான் முதல் முறை. அதற்காகக் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு தரம் அப்படி நடந்தால் இன்னொரு தரமும் அடிப்பேன் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

ஜனங்கள் கூடியதும் கிளியம்மாள் மார்பில் அறைந்துகொண்டு ஸ்டவ் வெடித்துவிட்டது என்று அழுதாள். ஸ்டவ் மூலையில் சில்லென்று இருந்தது. செங்கல் லாரி ஒன்றை நிறுத்தி, அந்தப் பெண்ணையும் அக்காவையும் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தியது. போர்வையைத் தூக்கிப் பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.

இசைவாணிக்கு முதுகும் இடது கையும் கழுத்தும் வெந்துவிட்டன. துணி ஒட்டிய இடத்தில் தோலோடுதான் எடுத்தார்கள். அவள் கத்தியது மூன்று வார்டுக்குக் கேட்டது. பிழைத்துவிடுவாள் போலிருக்கிறது, ஆனால் கொஞ்ச நாள் ஆனால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். அக்காவுக்கு ஒரு விலா எலும்பு முறிந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டு.

நடேசன் தலையில் கட்டோடு பெண்டாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்து அழுதான். ஏதோ கோபத்தில் அம்மா புத்தி கெட்டுச் செய்துவிட்டாள், நானும் ஆத்திரத்தில் நின்றுவிட்டேன், ஸ்டவ் என்று சொல்லிவிடு, உன்னைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். குரலைத் தாழ்த்தி, உன் அப்பா அங்கே தனியாக இருக்கிறார் என்பதையும் சொன்னான். முதலில் வந்த போலீஸ்காரர் ஸ்டவ்வா என்று கேட்டதற்கு அவள் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். நான் பார்த்ததைச் சொன்னேன். பாதிக்கப்பட்ட பெண்ணே ஸ்டவ் என்கிறாளே, உனக்கென்ன என்று அவர் கேட்டார். இரண்டு நாளில் மாஜிஸ்திரேட் வந்து முறையாக எழுதிக்கொள்வார், அப்போது அவள் சொல்வதுதான் கணக்கு என்றார். அப்போதும் ஸ்டவ் என்று சொன்னால் ஆறினதும் அந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடக்க மாட்டேன் என்று அக்கா மறுநாளே ஊருக்கு வந்துவிட்டாள். அன்று மாலையே கிளியம்மாளின் மூத்தவன் நரசிம்மன் இரண்டு ஆட்களோடு வந்தான். நான் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டவ் வெடித்ததைப் பார்த்தேன் என்று சொல்லிவிடு என்றான். அவள் நான் நீட்டிய கவளத்தை வாங்கி மென்றாள். அவன் கருவாட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வாசற்படியில் இரண்டு தரம் ஓங்கி அடித்தான். இரண்டாவது அடிக்குப் பிறகு அது துடிக்கவில்லை. அதை அவள் மடியில் எறிந்தான்.

"பூனைக்கே இதுன்னா ஒனக்கு இன்னான்னு பாத்துக்க."

அக்கா கட்டுப் போட்ட கைகளால் அதை ஒதுக்கிவைத்தாள். "இன்னும் மூணு கீது. அதையும் அடிச்சிட்டுப் போ. நான் பாத்தது பாத்ததுதான்."

அவன் தட்டை எட்டி உதைத்துவிட்டுப் போனான். மற்றப் பூனைகளை அன்றே என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நடேசன் டீ குடிக்கப் போகும்வரை வராந்தாவில் காத்திருந்தோம். செய்தி கேட்டு வந்திருந்த சின்னப்பையன் தன் மகள் காலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் குப்புறப் படுத்திருந்தாள். அக்கா அவள் முகம் தெரியும்படி தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பச்சைப் புடவை வந்தது, மூட்டைப்பூச்சி என்று தான் நினைத்தது, நைலக்ஸ் ஒட்டிக்கொள்ளும் என்று தான் வாய் கொழுத்துச் சொன்னது, கிளியம்மாள் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டது, அப்புறம் வந்த ஏழு புடவைகள். எதையும் விடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

இசைவாணி வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புடவையெல்லாம் சேர்த்து வெளுக்கப் போடுகிறேன் என்றுதான் அத்தை எடுத்ததாகச் சொன்னாள். முதல் தடவை ஊற்றியதையும் கோபத்தில் செய்தது என்றுதான் இவள் நம்பியிருந்தாள்.

"அவரு கையாலதான் மூட்டையக் குடுத்தாரா?" என்று கேட்டாள்.

அக்கா ஆமாம் என்றாள்.

"அப்ப ரெண்டு பேரும் பேசி வெச்சித்தான்." அதற்குப் பிறகு அவள் அழவில்லை. "ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் அக்கா. ஆனா எங்கியும் பூடாதீங்க, இங்கயே நில்லுங்க."

பத்து மணிக்கு மாஜிஸ்திரேட் வந்தார். எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அக்கா கதவை ஒட்டியே நின்றாள். நடேசன் டீ டம்ளரோடு வந்து, என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு எதிர்ச்சுவரில் சாய்ந்துகொண்டான். உள்ளே பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். அவள் குரல் மெலிதாக இருந்தது. நெருப்பு எப்படிப் பிடித்தது என்று கேட்டபோது அந்தக் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"எங்க அத்தை ஊத்திப் பத்த வெச்சாங்க. அவரு கையப் புடிச்சிக்கினாரு."

நடேசன் டம்ளரைப் போட்டுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் ஓடினான். சின்னப்பையன் விசிறியும் கையுமாக அவன் காலில் விழுந்து இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டார். நடேசன் அந்தக் கிழவரின் முகத்தில் மிதித்தான், பல் உடைந்து ரத்தம் வந்தது, அவர் விடவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வந்து நடேசனின் மயிரைப் பிடித்து முகத்தைச் சுவரில் இரண்டு தரம் மோதி விலங்கு போட்டார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அந்தப் பெண் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தை மாதத்திலிருந்து தொடங்கி, எந்த நாளில் எதனால் அடித்தார்கள், எங்கே சூடு வைத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். மாஜிஸ்திரேட் நடுவில் ஒரு தடவை, மெதுவாகச் சொல்லும்மா, எழுத வேண்டும் என்றார்.